முகம் தெரியவில்லை என்று வந்தவர்கள்

கிழக்கேகோட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் இப்போதெல்லாம் யாரும் “பேச்சு கேக்கல்ல” என்று வருவதில்லை. “முகம் தெரியல்ல” என்றுதான் வருகிறார்கள். “தெரியுதா, கேக்குதா?” என்று போனைத் தூக்கிக்கொண்டு வீட்டு மூலையெல்லாம் அலைந்த உங்களுக்கு இந்தப் பாடு புரியும்.

அசையாத கண்கள்

வலியசாலை கோமதி மாமி வெளிறிப்போய் வந்தார். கனடாவில் இருக்கும் மகளின் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. வாய் அசையவில்லை, பேச்சு மட்டும் வந்துகொண்டே இருந்ததாம். “சத்தமும் படமும் தனித்தனியா வரும் மாமி. சத்தம் சின்னது, நெட் மெலிஞ்சாலும் வந்துடும். படம் வழியிலே மாட்டிக்கும்” என்று விளக்கினேன். மாமி தலையாட்டிவிட்டுக் கேட்டார்: “பேசினது அவதான், சரி. அப்போ என்னையே பாத்துண்டிருந்தது யாரு?”

பின்னாலிருந்த நாற்காலி

கணக்காளர் முருகேசன் வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிறவர். பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டிருந்தார். மனித உருவம் எது என்று ஆப் கணித்து, அதை மட்டும் தெளிவாக விடும். அவருக்கோ, பின்னால் கிடந்த நாற்காலியும் தெளிவாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். அதில் ஒரு சட்டை தொங்கியது. “இதைப் பாத்துதான் ஆப் ஏமாறுது” என்று எடுத்து மடித்து வைத்தேன்.

சுவர், அலமாரி, ஜன்னல் எல்லாம் மங்கின. நாற்காலி மங்கவில்லை. போன மாதம் இறந்த அண்ணன் உட்காரும் இடம் அது என்று அப்போதுதான் சொன்னார். நான் செட்டிங்கை மாற்றக் கை வைத்ததும் தடுத்தார்: “வேண்டாம் சாரே. அண்ணன் இருந்துட்டுப் போகட்டும்.”

கையால் ஒரு அலறல்

விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை செய்யும் சேகருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் மனைவிக்கும் அப்படியே. வீடியோ கால் வந்த பிறகுதான் அவர்கள் தூரத்திலிருந்து பேசிக்கொள்கிறார்கள். ஒரு மதியம் கைபாஷை தெரிந்த நண்பன் ராஜனோடு வந்து உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றிக்கொண்டார். சோதித்துப் பார்க்க மனைவியைக் கூப்பிட்டார். மனைவி அங்கே போனை முற்றத்தில் சாய்த்து வைத்து, இரண்டு கையாலும் பேசத் தொடங்கினார்.

திடீரென்று சேகரின் கைகள் காற்றை அடித்தன. மனைவிக்குப் பின்னால், நாலு வயது மகள் கிணற்றுச் சுவரில் வயிற்றைப் பதித்து உள்ளே குனிந்திருந்தாள். மனைவி திரும்பிப் பார்த்து ஓடிப் போய்ப் பிள்ளையை இழுத்தார். இத்தனைக்கும் கடையில் ஒரு சத்தம் இல்லை. அம்மா இடுப்பில் இருந்தபடியே குழந்தை கையால் ஏதோ சொல்ல, சேகர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராஜன் எனக்கு மெதுவாகச் சொன்னான்: “தண்ணிக்குள்ள ஒரு பாப்பா ‘வா’ன்னு கை காட்டிச்சாம் சாரே.”

கேமராவுக்கும் மைக்குக்கும் ஆறு மாதம் வாரண்டி எழுதித் தருவேன். எதிரில் தெரிவது யார் என்பதற்கு மட்டும் நம் கடை பொறுப்பல்ல.