அண்ணன் அனுப்பிய சீனி

"அண்ணாச்சி, எந்தங்கச்சி தடிச்சிருக்கான்னு டாக்டர் குறை சொல்லுதாரே... நான் சம்பாதிச்சது வீண் போகலேன்னுல்லா அதுக்கு அர்த்தம்!"

சென்ற வாரம் ஆஸ்பத்திரி வாசலில் மாடசாமி என்னிடம் சொன்ன சொல் இது. சிரிப்பதா, அழுவதா?

மாடசாமி பம்பாய்த் தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் உழைப்பவர். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று உடல் வற்றிப் போனவர். ரேஷன் சீனியை அவர் வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. வெறும் டீயைக் குடித்துவிட்டு, சீனியை டப்பாவில் சேர்த்து, ஊருக்குப் போகிறவர் கையில் வனஸ்பதி டின்னோடு தங்கைக்குக் கொடுத்தனுப்புவார். நம் சந்துகளில் இஃது எழுதாத சட்டம் அன்றோ?

அந்தத் தங்கை இசக்கியம்மாள், திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து, காலில் ஆறாத புண்ணோடு வைத்தியத்துக்கு வந்திருந்தார். கனத்த சரீரம், சிறிது நடந்தாலும் மூச்சு இரைத்தது. நீரிழிவு என்றார் டாக்டர். இனிப்பும் வனஸ்பதியும் அடியோடு கூடாது. அரிசியைக் குறைத்துக் கேழ்வரகும் கீரையும் காயும் உண்ண வேண்டும். தவறினால் காலை எடுக்க நேரிடும் என்றார். அவருடைய ஹிந்தியைத் தமிழாக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது.

இசக்கியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காய்க்கு எங்க போவ? எங்க ஊருல வெளையுத கத்திரிக்கா, வெண்டைக்கா அம்புட்டும் விடியுமுன்ன லாரி ஏறி மலையாளத்துக்குப் போயிருது. கேப்பை வெதைச்ச காட்டுல பருத்தி நிக்கி. கடையில இருக்கது அரிசியும் மைதாவுந்தான்."

"கீரையாவது..." என்று இழுத்தேன்.

"நான் கீரை பறிக்கப் போனா, 'பாத்தியாட்டி, பம்பாய்க்காரன் தங்கச்சியக் கைவிட்டுட்டான்'னு பேசமாட்டாளுவளா? எங்கண்ணன் பேரு என்னாவும்?"

மெலிய வைக்கும் வறுமையை நாம் அறிவோம். பருக்க வைக்கும் வறுமையும் ஒன்று உண்டு — அதற்குத்தான் செழிப்பு என்று பெயரிட்டு மகிழ்கிறோம்!

மாடசாமியைத் தனியே அழைத்து, "அந்தச் சீனிதான் அவள் காலைத் தின்கிறது" என்றேன்.

"அப்பம்... நான் வெறும் டீ குடிச்சதெல்லாம் இதுக்குத்தானா அண்ணாச்சி?"

மறுநாள் மாதுங்கா மார்க்கெட்டில் தேடிப் பிடித்துக் கேழ்வரகு வாங்கினார். ஊருக்குப் போகும் தங்கைக்கு இந்த முறை அந்த மூட்டை மட்டுமே என்று என் கையைப் பற்றிச் சொன்னார். நானும் நம்பினேன்.

தாதர் ஸ்டேஷன். மதராஸ் வண்டி நிற்கிறது. வழியனுப்பச் சந்தே திரண்டு வந்திருந்தது — ஆளுக்கொரு சீனிப் பொட்டலம், பிஸ்கட் டப்பா! பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னவே மாடசாமி, தங்கச்சிக்குக் கேப்பையா? கொட்டகையில சீட்டுக் கிழிச்சிட்டானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாடசாமியின் முகம் கறுத்தது. இசக்கியம்மாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். விசில் ஒலித்தது.

மாடசாமி சட்டென்று சுடலைமுத்துவின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, ஜன்னல் வழியே தங்கையின் மடியில் வைத்தார். "கேப்பைய வெளாட்டுக்குல்லாவே வாங்கினேன்!" என்று உரக்கச் சிரித்தார்.

கட்டுப்போட்ட காலைப் பெட்டியின்மேல் தூக்கி வைத்தபடி, இசக்கியம்மாள் பெருமையோடு கையசைத்தார்.

கௌரவம் இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். கேழ்வரகு எங்களோடு தாராவிக்குத் திரும்பிவிட்டது.