வேனின் பின்பக்கத்துச் சத்தம்

எங்கள் மளிகைக் கடையில் எது சத்தம் போட்டாலும் விளக்கெண்ணெய்தான் வைத்தியம். ஷட்டர் இழுக்க வராவிட்டால் விளக்கெண்ணெய், கதவுக் கீல் முனகினால் விளக்கெண்ணெய், பிள்ளைக்கு வயிறு மந்தமானாலும் அதே டின்னிலிருந்துதான் ஒரு கரண்டி. ஆகவே, சரக்கு ஏற்றவும் குடும்பத்தோடு கோயில் குளம் போகவும் வைத்திருந்த எங்கள் வேனின் பின்சக்கரத்துப் பக்கம் முதன்முதலாக ‘கிரீச்’ என்றபோது, ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். அச்சைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் முழுக்கத் தடவினேன். சத்தம் நின்றது. சில நாளில் திரும்பி வந்தது. திரும்பவும் தடவினேன். மதகடிப்பட்டில் பாதிப் பேர் என் முகத்தைவிட, வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள்.

அதுவரை அது வெறும் எரிச்சல்தான். அரிசி மூட்டைக்கு ஏது காது? என் மனைவியின் முதுகெலும்புக்கு நோய் பரவிய பிறகுதான் அந்தச் சத்தம் எனக்கு எதிரியானது.

மார்பில் கட்டியாகத் தொடங்கியது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. நல்லாகிவிட்டது என்று நம்பி அவள் கல்லாவில் உட்கார்ந்து, வழக்கம்போல என்னையும் வாடிக்கையாளர்களையும் ஒரே மூச்சில் அதட்டத் தொடங்கியிருந்தாள். அப்புறம் முதுகில் வந்தது. வாராவாரம் புதுச்சேரிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு. அவளால் உட்கார முடியாது. நடு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டேன். மகள் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் குந்திக்கொள்வாள்.

வில்லியனூர் தாண்டி ஊர் வரும்வரை எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பது ஆரோக்கியமானவனுக்குத் தெரியாது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் வண்டி கிரீச்சிடும். அந்தச் சத்தத்தோடு குலுக்கலும் வரும் என்று அவள் உடம்பு பழகிவிட்டது. வெறும் சத்தம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஊசி போட்ட மயக்கத்தில் கண் சொருகும்போதுதான் சரியாக அது கத்தும். அவள் விழித்துக்கொள்வாள். கண்ணாடியில் எனக்குத் தெரியும்.

“ரோடு போட்டவன் ஒரு பக்கம் குத்துறான், ஒங்க வண்டி ஒரு பக்கம் ஊளையிடுது. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினு பண்றீங்களா?” என்பாள்.

நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டாக்டர் பேசுவதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதி பிடிக்கவில்லை. சத்தத்தையாவது நிறுத்திக் காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். கடையை மகளிடம் விட்டுவிட்டு வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். ஒரு மெக்கானிக் ஷாக் அப்சர்பரை மாற்றினான். இன்னொருவன் எல்லா போல்ட்டையும் முறுக்கினான். இருவரோடும் சண்டை போட்டேன். வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு நாளாவது தலையில எண்ணெ வச்சி வுட்டிருப்பீங்களா? இன்னா கரிசனம் பாரு, அவ மேல.”

வேனுக்கு என் சின்ன வீடு என்று பெயர் வைத்திருந்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் எண்ணெயைச் சுடவைத்து அவள் தலையில் வைத்துவிட்டேன். புதிதாக முளைத்த முடி குழந்தை முடி போல மெத்தென்றிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து வூடு வர்ற வரைக்கும் ஒரே ஒரு தடவ முழிக்காம தூங்கணும். அவ்ளோதான்.”

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டவை சொற்பம். இதை எப்படியும் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த முறை அவளையும் மகளையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, ஊசி ஏறி முடிக்கும் நேரத்துக்குள் வண்டியை ஒதியம்பட்டில் ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் அடியில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாண்ணா இது, பஜ்ஜி போடப் போறீங்களா? எண்ணெயில மண்ணு ஒட்டி மாவு மாரி அரைச்சிக்கினு கீது. உள்ள இருக்கிற ரப்பர் புஷ்ஷெல்லாம் எப்பவோ தேஞ்சி போச்சி.”

பட்டைகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது புஷ் போட்டுக் கட்டினார். நான் தள்ளி நின்று, முதல்முறையாக வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் வண்டியை வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். சத்தமே இல்லை. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தவேண்டும் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, அவளை ஸ்ட்ரெச்சரிலிருந்து மெத்தைக்கு மாற்றினோம். மிகவும் களைத்திருந்தாள். “காலை நல்லா நீட்டிக்கட்டும்பா” என்று மகள் முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். கிளம்பும்போது மனைவியிடம், “சத்தம் வருதான்னு இன்னைக்கு நீயே பாரு” என்றேன். “பாக்கலாம், பாக்கலாம்” என்றாள். அவள் குரலில் கிண்டல் இருந்தது.

வில்லியனூரில் முதல் வேகத்தடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றி இறக்கினேன். ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தாள். அரியூர், கண்டமங்கலம், எல்லா மேடும் பள்ளமும் ஓசையின்றிப் போயின. அவள் அசையவேயில்லை. மகள் என் கையைத் தட்டி, “அம்மா தூங்கிடுச்சிப்பா” என்று காதோடு சொன்னாள். நான் சிரித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தேன்.

வீட்டை ஒட்டிய எங்கள் கடைக்குப் பக்கவாட்டில், நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். “எழுப்பட்டாப்பா?” என்றாள் மகள். “வேணாம்டி, எவ்ளோ நேரமானாலும் தானா முழிக்கட்டும்” என்றேன். காற்று வரட்டும் என்று ஜன்னல் கண்ணாடிகளைத் தள்ளிவைத்துவிட்டு, வண்டியைப் பார்த்தபடி கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மகள் காபி போட உள்ளே போனாள். சாமான் வாங்க வந்தவர்களிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். எல்லோருக்கும் அவள் நிலைமை தெரியும், கிசுகிசுவென்றுதான் துவரம்பருப்பு கேட்டார்கள். ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வந்த வெங்காய வண்டிக்காரனை ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தச் சொன்னேன். ஹார்ன் அடித்த மினி பஸ் டிரைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். எதிர்க்கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். அந்த மத்தியான வேளையில் கடைத்தெரு முழுவதையும் அவளுக்காக அடக்கி வைத்திருந்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மகள் காபியோடு வந்து பின்கதவைத் திறந்தாள். நெற்றியைத் தொட்டாள். டம்ளர் கீழே விழுந்தது. அம்மா என்று அலறினாள்.

நான் எழுந்து ஓடினேன். ஓடும்போது அவளை அதட்டினேன்.

“கத்தாதடி, அம்மா முழிச்சிக்கப் போவுது.”