நான் ஏறாத யன்னல்

துருக்கியில் வைத்து அப்பா என் மானத்தை வாங்கிய கதையை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினாலே முகம் சூடாகி, பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஊரில் போர் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கிடைத்த கையோடு, லா சப்பல் கடைத்தெருவில் அவர் வேலைசெய்த மரக்கறிக் கடைக்குப் பக்கத்திலிருந்த பயண முகவர், மலிவாக ஒரு கிழமை துருக்கி என்று ஆசைகாட்டிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு விடுமுறை என்றால் லண்டன் மாமி வீடு, அதை விட்டால் லூர்து மாதா. பள்ளிக்கூடத்திலோ ஒவ்வொரு செப்டெம்பரும் விடுமுறைப் படம் கொண்டுவரச் சொல்வார்கள். மற்றப் பிள்ளைகள் கடலும் மலையுமாகக் காட்ட, நான் மாமி வீட்டு சோபாவில் இருக்கிற படத்தைக் காட்டுவேன். அடுத்த வருடமும் அதே சோபா. இந்த முறை விடுவதில்லை என்று அம்மாவின் கமராவை நானே கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

கடற்கரை ஹோட்டலிலிருந்து ஒருநாள் மினி பஸ்ஸில் ஷிரிஞ்ஜே என்ற மலைக்கிராமத்துக்குப் போனோம். காலையில் மலையில் ஆறுதலாகச் சுற்றுவது, பின்னேரம் கீழே செல்ச்சுக் பட்டினத்தில் சந்தை பார்ப்பது, அவ்வளவுதான் திட்டம். கல் பாவிய ஒழுங்கைகள், வெள்ளைச் சுவர் வீடுகள், வாசலுக்கு வாசல் பின்னல் துணி விற்கும் பெண்கள். அம்மா மாதுளைச் சாறு குடித்தார். அப்பா ஒவ்வொரு கூரையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். அதுவரை ஒரு குறையும் இல்லை.

ஊரின் மேல்முனையில் கூரையில்லாத கல்வீடு ஒன்று இருந்தது. உள்ளே பழம் நிறைந்த ஓர் அத்திமரம். பின்சுவரில் பெரிய யன்னல், அதற்கப்பால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. எங்களோடு வந்த பிரெஞ்சுக் குடும்பத்து மகள், என் வயதுக்காரி, அந்த யன்னற்கட்டில் ஏறி இருந்து காலை ஆட்டியபடி படம் எடுப்பித்துக்கொண்டிருந்தாள். என் செப்டெம்பர்ப் படம் இதுதான் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன்.

வாசலில் கதவில்லை, நிலையுமில்லை. நான் கால்வைக்கப் போக அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரத்துக் கூப்பிட்டார்.

"வீட்டுக்காரர்... வீட்டுக்காரர்..."

துருக்கியில், தமிழில், கூரையில்லாத வீட்டைப் பார்த்து! யன்னலில் இருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். யாழ்ப்பாணத்தில் படலைக்கு வெளியே நின்று இப்படிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் வளவுக்குள் போவார்களாம். போகட்டும், அது யாழ்ப்பாணம். எபினேயில் நாங்கள் இருக்கும் மாடிவீட்டில் அழைப்புமணி இருக்கிறது.

குரல் கேட்டு எதிர்த் தேநீர்க்கடைக்காரர் வந்தார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் கட்டட வேலை செய்தவராம், பிரெஞ்சு பேசினார். அப்பாவின் பிரெஞ்சு மரக்கறிக் கடைக்கு வெளியே செல்லாது என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. வீட்டுக்காரர்கள் கிரேக்கர்கள், தன் தாத்தா காலத்தில் எல்லாரையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள், இனி வரமாட்டார்கள், தாராளமாக உள்ளே போங்கள், பழமும் பறியுங்கள் என்றார். கடைசி இரண்டையும் நான் அப்பாவுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

"அவையின்ரை ஆக்கள் ஆரும் வந்து பாக்கிறவையோ எண்டு கேள்," என்றார் அப்பா.

கேட்டேன். கோடையில் சிலர் வருவார்கள், நீங்கள் நிற்கிற இடத்தில்தான் நிற்பார்கள், உள்ளே போவதில்லை என்றார் கடைக்காரர். அப்பா தலையாட்டினார். ஓர் அடி பின்னால் தள்ளியும் நின்றார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை ஒரு படந்தானே கேக்குது," என்றார் அம்மா.

"ஆற்றையோ வீடு. பேசாமல் வாங்கோ."

அந்தப் பிரெஞ்சுச் சிறுமி அத்திப்பழத்தைச் சப்பிக்கொண்டு வெளியே வந்தாள். நீ ஏன் ஏறவில்லை என்று என்னைக் கேட்டாள். தலைசுற்று என்றேன். வேறு என்ன சொல்வது? இல்லாத ஆட்களிடம் எங்கள் அப்பா அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்றா?

பின்னேரம் செல்ச்சுக் சந்தையில் அப்பா ஒரு கிலோ அத்திப்பழம் வாங்கி என்னிடம் நீட்டினார். "இதுக்கு வீட்டுக்காரரைக் கேட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டு நான் தொடவில்லை. அவர் அதற்குக் கோபிக்கவும் இல்லை. தெருவோரத்துப் பழைய கல்தூண் ஒன்றின் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார். நான் வேண்டுமென்றே திரும்பி நின்றேன். செப்டெம்பரில் வகுப்புக்குக் கொண்டுபோனது அதைத்தான்: ஒரு தூணும் என் முதுகும்.

அப்பா எனக்கு ஒரு விளக்கமும் சொன்னதில்லை. வளர்ந்த பிறகு அம்மாதான் சொன்னார். நாங்கள் துருக்கிக்குப் போவதற்குச் சில மாதம் முந்தி, கடைக்கு வந்த ஒருவர் அப்பாவிடம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாராம். போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக யாழ்ப்பாணம் பார்க்கப் போனவர்கள் எடுத்த படம். இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த எங்கள் வளவுக்குள் வீட்டுக்காரரை விடமாட்டார்கள், பார்க்க வந்தவர்களை விட்டிருந்தார்கள். கூரையும் கதவும் போன வீடு. யன்னலுக்கு மேலிருந்த சீமெந்துப் பூவைக் கண்டுதான் அப்பா அடையாளம் பிடித்தாராம். அந்த யன்னற்கட்டில் ஒரு சிறுமி காலைத் தொங்கப்போட்டபடி, எங்கள் மாமரத்து மாம்பழத்தோடு, நன்றாகச் சிரித்துக்கொண்டு இருந்தாளாம்.

எனக்கு இப்போதும் கோபம் வருகிறது, வேறு ஆட்கள் மேல். ஷிரிஞ்ஜேயில் அப்பா கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றபோது, என் தோளிலிருந்த அவர் கையை உதறிவிடத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில் அந்தச் சிறுமியை அப்படிப் பிடித்து நிறுத்த ஒரு கை இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.