சத்தமில்லாமல் வந்த கார்

எங்கள் கார் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். தம்பின் டவுனில் என் பள்ளிச் சாலையில் அது திரும்பினாலே வகுப்புப் பிள்ளைகள், "இந்தா, லோரி வந்துருச்சு லா" என்று சிரிப்பார்கள். எக்ஸோஸ் புகைக்குழாய் துருப்பிடித்து, சைலன்சருக்கு முன்னால் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பத்து வயதில் எனக்கு மானம் மரியாதையெல்லாம் கொஞ்சம் அதிகம். அழுது, சாப்பாட்டைத் தள்ளிவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் காருக்கு அடியில் படுக்கவைத்தேன்.

எஸ்டேட் வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. டயருக்குக் கல் முட்டுக்கொடுத்து, ஜாக்கில் தூக்கி, துருவை உப்புத்தாளால் தேய்த்தார். ஓட்டையில் பசை பூசி, பிஸ்கட் டின்னில் வெட்டிய தகரத்தைச் சுற்றி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார். அன்றிரவு வேலைக்குக் கிளம்பியபோது கார் பூனை போலப் போனது. அப்பா முகமெல்லாம் கரி; ஆனாலும் பெருமை தெரிந்தது.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசைகளில் ஒரு வேலை இருந்தது. பின் வரிசை அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் தம்பினில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து விடியலில் வரும் அப்பா, என்னைப் பள்ளியில் விடும்போது அவரையும் ஏற்றிக்கொள்வார். கார் சத்தம் கேட்டதும் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். வீங்கிய காலை மடக்க முடியாது, அதனால் முன் இருக்கை அவருக்கு. நான் பின்னால்.

திங்கட்கிழமை காலை, "இப்பதான் சத்தமில்லையே, அத்தைக்குத் தெரியாது. போயி கதவத் தட்டிக் கூப்டு" என்று அப்பா என்னை அனுப்பினார்.

பின் வரிசையில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பைப்படி வரைக்கும் போனேன். சத்தமில்லாத காரில், முன் இருக்கையிலிருந்து பள்ளி வாசலில் இறங்குவதை முந்தின நாள் முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். பைப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"தட்டிப் பாத்தேன்ப்பா, பதிலே இல்ல. அவங்க மவன் வந்து கூட்டிட்டுப் போயிருப்பாரு."

ஜொகூரில் வேலைசெய்த அத்தை மகன் எப்போதாவது வந்து போவதுண்டு. அப்பா நம்பினார். நான் முன்னால் உட்கார்ந்து போய் இறங்கினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமே இல்லாத காரை யார் பார்ப்பார்கள்?

சாயங்காலம் அத்தைக்கு மூச்சு வாங்கியது. முகம் ஊதி, படுக்கவும் முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தபடியே திணறினார். தூக்கக் கலக்கத்தோடு அப்பா அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்.

பிழைத்து மூன்றாம் நாள் வீடு திரும்பிய அத்தை அப்பாவிடம், "பிள்ள தட்டியிருக்கும் தம்பி, நாந்தான் அசந்துட்டேன். காடி சத்தம் கேட்டே பழகிப்போச்சு" என்றார். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அன்றே அப்பா மறுபடியும் காருக்கு அடியில் படுத்தார். கிளிப்பைக் கழற்றி, தகரத்தை உருவி, காய்ந்த பசையைத் திருப்புளியால் தட்டி எடுத்தார்.

"ஹாரன் அடிச்சாப் பத்தாதா?" என்று அம்மா கேட்டாள்.

"முடியாதவங்கள ஹாரன் அடிச்சு வெரட்டுறதா?"

தன் கைவேலைதான் ஓர் உயிரை எடுக்கப் பார்த்தது என்று அவர் நம்பிவிட்டார். இரண்டு நாள் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. அவர் பட்ட அந்த வெட்கம் நான் பட்டிருக்கவேண்டியது. எனக்கோ, மறுபடியும் லோரி என்பார்களே என்ற கவலைதான். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அடுத்த முறை கார் உறுமிக்கொண்டு வந்தது, அத்தையும் வந்தார். அப்பா முன் கதவைத் திறந்துவிட்டார். அத்தையோ பின் கதவைத் திறந்து, வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார்.

"ஏன்க்கா அங்க?"

"பின்னாலதான் காத்து நல்லா வருது தம்பி. பிள்ள முன்னால உக்காரட்டும்."

நான் சந்தோஷமாக முன்னால் ஏறினேன். எங்கள் காரின் பின் கண்ணாடிகள் இறங்கவே இறங்காது என்பது, அத்தை வரும் நாளெல்லாம் அங்கே புழுங்கிய எனக்குத் தெரியும். பைப்படிக்கு நேர் எதிரே அத்தையின் சமையலறைச் சன்னல் இருந்ததும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆனது.