மேல் லைன், கீழ் லைன்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராகச் சுற்றி, கேபிள் இழுத்துத் தொழில் கற்றேன். சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருந்தபோது, வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தால் போதும், அங்கே இன்டர்நெட் செத்துவிடும். அதனால் இரண்டாவது இணைப்பும் வாங்கியிருந்தார்கள். ஒன்று கம்பத்துக்குக் கம்பம் கீழிருந்து ஏறி வரும் கேபிள். மற்றது மேட்டு டவரைப் பார்த்த டிஷ். இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து, ஒன்று அறுந்தால் மற்றதில் ஓடும்படி செய்ய வேண்டும். கடையில் நாங்கள் அவற்றைக் கீழ் லைன், மேல் லைன் என்போம்.

எஸ்டேட்டிலும் கீழ் லைன், மேல் லைன் இருந்தன. கூலியாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மேல் லைனை இடித்து ஓட்டல் கட்டப் போவதாகப் பேச்சு. இது எதுவுமே அப்போது எனக்குத் தெரியாது.

டிஷ்ஷைச் சும்மா வைத்து, கேபிள் மட்டும் எல்லாப் பாரத்தையும் தாங்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனுக்கு முற்றத்தில்தான் சிக்னல். அங்கே காப்பிப் பழம் எடைபோட ஆட்கள் நின்றார்கள். கடைக்குக் கத்திச் சொன்னேன்:

“மேல் லைனைக் காலி பண்ணிட்டேங்க! எல்லாத்தையும் கீழ் லைனுக்குத் தள்ளியாச்சு!”

எடைபோட நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். கவாத்துக் கத்தியோடு ஒரு பெண் வந்தாள்.

“ஏனுங்க, யாரைக் கேட்டுங்க எங்க ஊட்டைக் காலி பண்ணுனீங்க?”

மரியாதை அதோடு முடிந்தது. பின்னாலிருந்து ஒரு கட்டை காதோரம் இறங்கியது. விழுந்தவனை மிதித்தார்கள். இரண்டு பற்கள் நாக்கின்மேல் கிடந்தன.

“வயருங்க... இன்டர்நெட் வயரு...” என்றேன்.

“வயருக்குள்ள எவன்டா குடியிருக்கான், காலி பண்றதுக்கு?” என்றான் ஒருவன். யாரோ சிரித்தார்கள். அடி நின்றது.

அவள் ஆபீஸ் வாசலில் நின்ற எஸ்டேட் மேனேஜரைப் பார்த்தாள். “அப்ப எங்க லைன் இருக்குமுங்களா சார்?”

இருக்கும் என்று ஒரு வார்த்தை போதும். அவர், “அதை அப்புறம் பேசலாம்” என்றார்.

முதல் கல் அவர் நெற்றியைப் பிளந்தது. உள்ளே ஓடிக் கதவைச் சாத்தி, ஆபீஸ் வைஃபையில் போலீசை அழைத்தார். ஜன்னல்கள் நொறுங்கின.

“இந்தக் கம்பியிலதான் கூப்புடறான்!” என்று அவள் கேபிளை ஒரே வெட்டில் அறுத்தாள்.

உடைந்த ஜன்னல் வழியே பெட்டி எனக்குத் தெரிந்தது. கேபிள் விளக்கு அணைந்தது, பக்கத்தில் டிஷ் விளக்கு துடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் மறுபடி அழைத்தார். ரிங் போனது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

ஜீப் சத்தம் கேட்டுக் கூட்டம் மேல் லைனுக்கு ஓடியது. ஜீப்பில் வந்த போலீசார் லத்தியோடு நேராக அங்கே ஏறினார்கள். அவளை முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஆண்களை அடித்து ஏற்றினார்கள். மிச்சப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெள்ளக்கடைப் பக்கம் ஓடினார்கள். நான் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு பஸ் ஏறும்போது மேல் லைன் காலியாக இருந்தது.