ரைட் அவுட்டின் வலது கால்

முதலில் வீங்கியது அவருடைய வலது கணுக்கால்தான். காலையில் வடிந்துவிடும், சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழும். அதை நாங்கள் நோய் என்றே நினைக்கவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்து நாளெல்லாம் மிதிப்பலகையை மிதிக்கிறவர்கள் வீட்டில் கால் வீங்கினால் பழி மிதிக்குத்தான். எங்கள் தெருவே அப்படித்தான் சொன்னது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி வீங்குகிறது என்றால், நான் செய்த தப்பை நீங்களும் செய்துவிடாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளர். அதைவிடப் பெரிய கால்பந்து ஆட்டக்காரர். மைதானத்தின் வலது ஓரம் அவருடையது. காஞ்சிபுரத்தில் ‘ரைட் அவுட்’ என்றால்தான் அவரைத் தெரியும்.

அறுபதுகளின் கடைசி அது. அக்கம்பக்கத்து நாடுகள் சேர்ந்து சென்னையில் ஒரு போட்டி வைத்தன. சொந்த நாட்டிலேயே இருந்து ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம். வெளிநாட்டுக்குப் போய் ஆடுகிறவர்களுக்குக் கிடையாது. நம் அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முகாமுக்கு அவருக்கும் கடிதம் வந்தது.

“பாத்தியா சரசு, எனக்குன்னே போட்ட சட்டம்! நான் பக்கத்து ஊரு திருப்புட்குழியத் தாண்டினவனா?” என்று கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

முகாமுக்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் வீக்கம் கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது.

“டாக்டர் கிட்ட காட்டலாங்க,” என்றேன்.

“காட்டினா படுன்னுவாரு. நான் படுத்துக்கினு இருந்தா என் எடத்துல வேற எவனாவது வந்து நிப்பான். நீயே ஏதாச்சும் பண்ணும்மா.”

பண்ணினேன். மிஞ்சிய பட்டு இழையைப் போட்டு நாலு விரல் அகலத்தில் ஒரு பட்டை நெய்தேன். பருத்தி தளர்ந்துவிடும், பட்டுதான் பிடித்த பிடியை விடாது என்று எனக்கு அத்தனை நம்பிக்கை. தினம் விடியலில் அதைக் காலில் இறுக்கிச் சுற்றி, மேலே காலுறையை இழுத்துவிடுவேன். செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் ஓடிவிட்டு வந்து, “இன்னா பிடி பிடிக்குது!” என்பார். எனக்குத் தலைகால் புரியாது. அடடா, என் புத்தியை என்னவென்று சொல்ல!

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது பல் கிட்டுகிற மாதிரி குளிர்காய்ச்சல் வந்தது. தொடையிடுக்கில் நெறி கட்டி (கிருமியை எதிர்க்கும் முடிச்சுகள் வீங்கி) தொடவே விடவில்லை. பட்டையை அவிழ்த்தேன். அது தோலை அறுத்துக்கொண்டு உள்ளே பதிந்திருந்தது. கீழே பாதம் பளபளவென்று ஊதிக் கிடந்தது. தெருமுனைக்கு ஓடி வண்டி பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். யானைக்கால் நோயின் தொடக்கம் என்றார் டாக்டர் (கொசு பரப்பும் நூல் போன்ற புழு, உடம்பில் நிணநீர் என்னும் தெளிந்த நீர் ஓடும் பாதையைக் கெடுத்துவிடும், நீர் காலில் தேங்கிவிடும்).

“வெளியூர்ல எங்கயாவது இருந்திருக்கீங்களா?” என்று அவரைக் கேட்டார்.

“இல்ல சார். பொறந்ததுலேர்ந்து இங்கயேதான்.”

“அதான். வந்துட்டுப் போறவங்களுக்கு இது லேசுல வராது. வருஷக்கணக்கா ஒரே ஊர்ல கடி வாங்கினவங்களுக்குத்தான் வரும்.”

ஊரைவிட்டுப் போகாதவருக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. நோயும் அதனால்தான் வந்திருக்கிறது.

“சார், மூணு நாள்ல முகாமு...”

“முகாம் கெடக்கட்டும். இந்தக் கால் உங்களுக்கு வேணுமா, வேணாமா?”

“நான்தான் டாக்டர் அந்தப் பட்டையக் கட்டினேன்,” என்றேன்.

“நோய் உங்களால வரலம்மா. புண்ணுதான் உங்களால வந்துச்சு,” என்றார். முகத்துக்கு நேரே சொன்னாலும் உண்மையைச் சொன்னார்.

போட்டியை ரேடியோவில் கேட்டோம். மூன்று தலையணை மேல் காலை உயர்த்திப் படுத்திருந்தார். வலது ஓரத்தில் வேறு ஒருவர் பந்தைக் கொண்டுபோகிறார் என்று வர்ணனை வந்ததும், துணி சுற்றிய காலின் பெருவிரல் மட்டும் துள்ளியது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மாத்திரை புழுவைக் கொன்றது. வீக்கம் பாதிதான் வடிந்தது. பூட்ஸ் அப்புறம் நுழையவே இல்லை. இடது காலால் மிதிக்கப் பழகிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து இன்றுவரை தினம் சாயங்காலம் அவர் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் புண் வரும், புண் வந்தால் காய்ச்சல் வரும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஈரம் உலர்ந்தால்தான் பொழுது சாய்ந்ததாகக் கணக்கு. அந்தக் காலின் ஒவ்வொரு மடிப்பும் என் கைக்குத் தெரியும். என் காலைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததைப் போன வாரம் கேட்டேவிட்டேன். “நான் கட்டாம இருந்திருந்தா காலு இந்த அளவுக்குப் போயிருக்காது இல்லீங்க?”

“நீ கட்டலன்னா அந்த ஒரு மாசங்கூட நான் ஆடியிருக்க மாட்டேன் சரசு,” என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது காலைத் துவட்டி முடித்தேன். இடது காலையும் நீட்டினார்.

“இதுக்கு இன்னாங்க? நல்லாத்தானே இருக்குது?”

“அதுவும் ஆடின காலுதாம்மா,” என்றார்.