கரியமில வாயுவின் மேடு

சின்ன மூலக்கூறுகளை ஆர்கான் வாயுவோடு சேர்த்து உறையவைத்து, நகர முடியாமல் நிற்கும் அவற்றின் மேல் புற ஊதா வெளிச்சம் போட்டு, என்னவாக மாறுகின்றன என்று பார்ப்பது எங்கள் தொழில். பார்ப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம் என்பது இதில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் தெரியும்.

திருப்பதியில் நான் ஆராய்ச்சி மாணவி. மாறியது எது என்று அகச்சிவப்பு ஒளியை ஊடே விட்டு எடுக்கும் வரைபடத்தின் மேடுகள் சொல்லும். என் படங்களில் வேண்டாத மேடு ஒன்றும் தவறாமல் வந்தது: கரியமில வாயு. "கருவியில் எங்கேயோ ஓட்டை, வெளிக்காற்று புகுகிறது. அது போகாமல் ஆய்வேட்டில் கையெழுத்து இல்லை" என்று கைடு சொல்லிவிட்டார். எல்லாத் திருகுகளையும் இறுக்கினேன். அவரும் தினமும் கருவியின் பக்கத்திலேயே நின்று, விடாமல் பேசி, உற்சாகப்படுத்தினார்.

நைனா வந்த நாள்

நகரியில் விசைத்தறி ஓட்டும் என் அப்பா, நைனா, பார்க்க வந்தார். "உள்ளே மைனஸ் இருநூற்று அறுபது டிகிரி. ஆர்கான் படிய மூணு மணி நேரம், அப்புறம் விளக்குப் போட்டு மூணு மணி நேரம்" என்றேன். கருவியைச் சுற்றி வந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தும் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"இந்நேரத்துக்கு நம்ம தறியில நாலு லுங்கி எறங்கியிருக்கும். நீ இன்னும் நூலே கோக்கலியே பாப்பா?"

பொட்டு வைத்த சன்னல்

அறைக் காற்றைத் தாண்டிக் கருவிக்குள் போகும் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடி விடாது. அதனால் எங்கள் கருவியின் சன்னல் ஒரு வகை உப்பு. ஈரம் பட்டால் கரையும். ஆயுத பூஜைக்கு லேப் உதவியாளர் முனிரத்தினம் அண்ணன் எல்லாக் கருவிகளையும் துடைத்துச் சந்தனம் குழைத்து வைத்தார். என் கருவியில் நெற்றி எது என்று யோசித்து, சன்னலின் நடுவில் வைத்தார். மறுநாள் அங்கே பொட்டளவு பள்ளம். கையிருப்பில் மிச்சம் ஒரே சன்னல். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் கேட்டார்:

"ஈரம் பட்டா கரையறத எவன் பாப்பா சன்னலுக்கு வப்பான்?"

வாசலில் காவல்

கடைசிச் சன்னலை மாட்டிய அன்று, செய்த தப்புக்கு ஈடாக முனிரத்தினம் அண்ணனே வாசலில் காவல் இருந்தார். "யாரையும் உள்ளே விடாதீங்கண்ணா" என்று பொதுவாகத்தான் சொல்லிவிட்டு, அடுத்த அறைக் கணினியில் உட்கார்ந்தேன். மாலையில் படத்தோடு வெளியே வந்தால், வாசல் நாற்காலியில் கைடு. அவர் உள்ளே வரப் பார்த்தபோதெல்லாம், "பாப்பா யாரையும் வுடக்கூடாதுன்னு சொல்லிக்கீது சார், இப்டி குந்துங்க" என்று அண்ணன் உட்காரவைத்திருக்கிறார்.

கையெழுத்து போச்சு என்று நினைத்தேன். கைடு படத்தை வாங்கினார். புது மூலக்கூறின் மேடு அழகாக நின்றது. கரியமில வாயுவின் இடம் சமதரை. படத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா படத்துல வந்தது என் மூச்சா?"

கையெழுத்து கிடைத்துவிட்டது, அன்றிலிருந்து எங்கள் லேபில் விளக்கு எரியும்போது நகராமல் இருப்பவை உறைந்த மூலக்கூறுகளும், வாசல் நாற்காலியில் கைடும்தான்.